ரோம் விட்டுப்போனதில் பெரியது எது? கட்டடமா, கணக்கேடா?

காவிரிக்கரை:

ரோம் என்றதும் எல்லோரும் கொலோசியம், கிளாடியேட்டர், சீசர் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் குடிநீர்த் திட்டங்களில் வேலை பார்க்கிறவன், என் கண் வேறு இடத்துக்குத்தான் போகிறது. அதைப் பற்றி இங்கே பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கி.பி. 97-இல் பேரரசர் நெர்வா, ரோம் நகரத்தின் தண்ணீர்ப் பொறுப்பை ஃபிரான்டினஸ் என்பவரிடம் கொடுக்கிறார். பிரிட்டனில் ஆளுநராக இருந்து படை நடத்தியவர், ஊரில் பெரிய மனிதர். பெயருக்குப் பதவியில் இருந்துவிட்டுப் போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் என்ன செய்தார் என்றால், அப்போது நகரத்துக்கு வந்துகொண்டிருந்த ஒன்பது நீர்வழிகளையும் எடுத்து, எது எங்கே பிறக்கிறது, எவ்வளவு தூரம் மண்ணுக்கடியில் வருகிறது, எவ்வளவு தூரம் வளைவுகளின் மேல் வருகிறது, எந்தத் தொட்டிக்கு எவ்வளவு போகிறது என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தார். வரைபடமும் போடச் சொன்னார். அந்த எழுத்து இன்றும் நம் கையில் இருக்கிறது.

அதில் ஓர் இடம் என்னை உலுக்கிவிட்டது. அரசாங்க ஏட்டில் தண்ணீர் வரவு 12,755 குவினாரியா (அது அவர்களுடைய குழாய் அளவு). விநியோகம் 14,018. வருவதைவிடப் போவது அதிகம்! அளவில் எங்கோ தப்பு இருக்கிறது என்று அவருக்குப் புரிகிறது. ஊற்றுக்கும் ஆற்றுக்கும் நேரில் போய் வாய்மடையிலேயே அளக்கிறார். அங்கே ஏட்டில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட 10,000 குவினாரியா கூடுதலாக உள்ளே வருகிறது. அப்படியானால் இத்தனை தண்ணீரும் எங்கே போகிறது? திருட்டு. தண்ணீர்க்காரர்கள் தெருவுக்கு அடியில் ரகசியக் குழாய் போட்டுக் கடைகளுக்கு விற்றிருக்கிறார்கள். ஓர் இணைப்பு கைமாறினால் தொட்டியில் புது ஓட்டை போட்டுவிட்டுப் பழைய ஓட்டையை மூடாமல் தங்களுக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்றைக்கு எந்த ஊர் நகராட்சிப் பொறியாளரிடம் இதைச் சொன்னாலும் அவருக்கு விளக்கம் தேவைப்படாது.

தடுப்பு ஏற்பாட்டையும் பாருங்கள். ஒவ்வொரு இணைப்பின் வாயிலும் முத்திரை குத்திய வெண்கலக் குழல் இருக்க வேண்டும். ஈயத்தைத் தட்டி விரித்துவிடலாம், வெண்கலம் வளையாது, அதனால் வெண்கலம். தொட்டியிலிருந்து 50 அடிக்குள் அதைவிட அகலமான குழாயைச் சேர்க்கக் கூடாது. ஊற்று, வளைவு, சுவர் உள்ள இடங்களில் இரண்டு பக்கமும் 15 அடிக்கு மரமோ கட்டடமோ கூடாது. சேதப்படுத்தினால் 1,00,000 செஸ்டெர்ஸ் (ரோம நாணயம்) அபராதம். நாளைய வேலை என்ன என்பதை இன்றே எழுதிவிட வேண்டும், முடிந்ததையும் பதிய வேண்டும், ஏனென்றால் மேஸ்திரிகள் அரசாங்க ஆட்களைத் தனியார் வேலைக்கு ஓட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.

என் கட்சி இதுதான். ரோமர்களின் பெரிய சாதனை கட்டியது அல்ல. கட்டியதை அளந்து, எழுதி, பழுது பார்த்து, பல நூறு வருஷம் ஓட்டியது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

இளவேனில்:

நல்ல இழை அண்ணா. ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கணக்கு எழுதுவதற்கு முதலில் ஒன்று நிற்க வேண்டும் இல்லையா? பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் முடிந்த பாந்தியன் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். கூரைக் கும்மட்டத்தின் விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சிக்கும் அதே அளவு. கும்மட்டத்தை நடுவில் தாங்க ஒரு தூண் கிடையாது, ஒரு கம்பி கிடையாது. 1,900 வருஷமாக நிற்கிறது. கம்பி போடாத கான்கிரீட் கும்மட்டங்களில் இன்றும் அதுதான் உலகத்திலேயே பெரியது.

எப்படி என்று பார்த்தால் இன்னும் ஆச்சரியம். கீழே கனமான கல், மேலே போகப் போக எடை குறைந்த கல், உச்சிக்குப் பக்கத்தில் தண்ணீரில் மிதக்கிற மாதிரி லேசான எரிமலை நுரைக்கல். அடியில் சுமார் 6 மீட்டர் தடிமன், மேலே ஒரு மீட்டர் சொச்சம். நடு உச்சியில் எடையே வேண்டாம் என்று கிட்டத்தட்ட 9 மீட்டர் அகலத்துக்குத் திறந்தே விட்டுவிட்டார்கள். மழை உள்ளே பெய்யும், தரையில் உள்ள துளைகள் வழியாக வடிந்துவிடும்.

நேப்பிள்ஸ் பக்கம் பொட்சுவோலியில் கிடைக்கும் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு சேர்த்தால் தண்ணீருக்கு அடியிலும் இறுகும் என்று கண்டுபிடித்தவர்கள் அவர்கள். அந்தச் சாம்பலைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்ப் பாலஸ்தீனக் கரையில் செசரியா துறைமுகம் கட்டியிருக்கிறார்கள்! 2023-இல் வந்த ஆய்வு இன்னொன்று சொல்கிறது. ரோமக் கான்கிரீட்டில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் தெரியும், சரியாகக் கலக்காத வேலை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். விரிசல் விட்டுத் தண்ணீர் இறங்கினால் அந்தக் கட்டி கரைந்து விரிசலுக்குள் போய்ப் படிந்து தானே அடைத்துவிடுகிறதாம். நம்முடைய பாலங்கள் முப்பது நாற்பது வருஷத்தில் பெயர்ந்து கம்பி தெரிகிறதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

காவிரிக்கரை:

தம்பி, பாந்தியனைப் பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் நம் பாலத்தோடு நேராக ஒப்பிடுவது நியாயம் இல்லை. நம் கான்கிரீட்டைத் தின்பது உள்ளே இருக்கிற கம்பியின் துரு. அவர்கள் கம்பியே போடவில்லை, அதனால் துரு இல்லை. ஆனால் கம்பி இல்லாமல் நீங்கள் நீளமான தட்டைப் பாலமோ இருபது மாடியோ எழுப்ப முடியாது. எல்லாம் அமுக்கத்தில் நிற்க வேண்டும், அதனால்தான் எங்கே பார்த்தாலும் வளைவும் கும்மட்டமும்.

இன்னொன்று, நின்றவை மட்டும்தான் நம் கண்ணில் படுகின்றன. கி.பி. 27-இல் ரோமுக்குப் பக்கத்தில் ஃபிடினே என்ற ஊரில் ஒருவன் காசு பார்ப்பதற்காக மரத்தில் ஒரு காட்சியரங்கம் கட்டினான். அடித்தளம் சரியில்லை, மரச்சட்டங்களின் பிணைப்பும் சரியில்லை. கூட்டம் நிரம்பியதும் சரிந்துவிட்டது. செத்தவர்களும் உறுப்பு சிதைந்தவர்களுமாக 50,000 பேர் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதுகிறார். எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்தே வைத்துக்கொண்டாலும் பயங்கரம். அதற்குப் பிறகு செனட் என்ன செய்தது என்பதுதான் எனக்கு முக்கியம். இவ்வளவு சொத்து இல்லாதவன் இப்படிக் காட்சி நடத்தக் கூடாது, நிலத்தின் உறுதியைச் சோதிக்காமல் அரங்கம் கட்டக் கூடாது என்று உத்தரவு போட்டது. கட்டியவனை நாடு கடத்தியது. விபத்து நடந்தால் அதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது பாருங்கள், அதைத்தான் நான் சொல்கிறேன்.

மண்வெட்டி:

இரண்டு பேரும் ஒரு விஷயத்தைத் தொடாமலே போகிறீர்கள். இதை யார் செய்தது?

காவிரிக்கரை ஐயா, நீங்கள் சொன்ன அதே ஃபிரான்டினஸ் புத்தகத்தில் ஆள் கணக்கும் இருக்கிறது. நீர்வழிகளைப் பராமரித்தவர்கள் 700 பேர். பேரரசர் அகஸ்டஸின் தளபதி அக்ரிப்பா விட்டுப்போன 240, பின்னால் வந்த பேரரசர் கிளாடியஸ் சேர்த்த 460. தொட்டிக்காரர், கல் பாவுகிறவர், பூச்சுக்காரர் என்று வகைப்படுத்தியிருக்கிறார். அத்தனை பேரும் அடிமைகள். அக்ரிப்பா சாகும்போது தன் 240 பேரையும் அகஸ்டஸுக்கு உயில் எழுதி வைத்துவிட்டுப் போனார், வீடு வாசலை எழுதி வைக்கிற மாதிரி. நீங்கள் பாராட்டுகிற பராமரிப்பு இவர்கள் முதுகில் நடந்த பராமரிப்பு.

கி.பி. 61-இல் நடந்ததை எல்லோரும் படிக்க வேண்டும். ரோம் நகரத்தின் காவல் தலைவர் பெடானியஸ் செகுண்டஸை அவருடைய அடிமை ஒருவன் கொன்றுவிட்டான். எசமானை ஓர் அடிமை கொன்றால் அதே கூரைக்குக் கீழே இருந்த அத்தனை அடிமைகளையும் கொல்ல வேண்டும் என்பது பழைய வழக்கம். அந்த வீட்டில் 400 பேர். பெண்கள், குழந்தைகள் உட்பட. ரோம் மக்களே தெருவுக்கு வந்து கூடாது என்று சத்தம் போட்டார்கள். செனட்டில் எழுந்து, கொன்றே ஆக வேண்டும், பயம் இருந்தால்தான் இந்தக் கும்பலை அடக்க முடியும் என்று வாதாடியவர் யார் தெரியுமா? கேயஸ் காசியஸ். அந்தக் காலத்தின் பெரிய சட்ட அறிஞர்களில் ஒருவர். பேரரசன் நீரோ பாதை நெடுக ராணுவத்தை நிறுத்தி 400 பேரையும் கொண்டுபோய்க் கொன்றான்.

ஸ்பார்டகஸ் தலைமையில் நடந்த அடிமைக் கிளர்ச்சி கி.மு. 71-இல் அடங்கியதும் 6,000 பேரைக் கப்புவாவிலிருந்து ரோம் வரை ஆப்பியன் சாலை ஓரமாகச் சிலுவையில் அறைந்தார்கள். கி.மு. 312-இல் போட்ட சாலை, இன்றும் அதன் கற்கள் மேல் நடக்கலாம் என்று சுற்றுலாக்காரர்கள் பெருமையாகப் படம் போடுகிறார்கள். சாலையின் வயதைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பனங்கூடல்:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியாகத் தொழில் செய்கிறேன். ரோமச் சட்டம் எங்களுக்கு அருங்காட்சியகப் பொருள் இல்லை, கிழமைக்குக் கிழமை நீதிமன்றத்தில் பேசுகிற விடயம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் கொன்ஸ்தாந்திநோப்பிளில் இருந்துகொண்டு ஆயிரம் வருடச் சட்டத்தைத் தொகுப்பித்தார். 529-இல் தொடங்கி 534-க்குள் முடித்துவிட்டார்கள். மேற்கில் அது மறக்கப்பட்டுப் பிறகு இத்தாலியின் பொலோஞ்ஞாவில் மாணவர்கள் திரும்பப் படிக்கத் தொடங்கி, அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவி, ஒல்லாந்தில் உள்ளூர் வழக்கங்களோடு கலந்து ரோமன் டச்சுச் சட்டம் ஆனது. ஒல்லாந்தர் அதைக் கப்பலில் இலங்கைக்கும் தென்னாபிரிக்காவுக்கும் கொண்டுவந்தார்கள். பிரித்தானியர் வந்த பிறகு, 1799-இல் ஒரு பிரகடனம் போட்டு, ஒல்லாந்தர் காலத்துச் சட்டமே தொடரும் என்றார்கள். ஒல்லாந்து நெப்போலியன் காலத்தில் புதிய சட்டக் கோவைக்கு மாறிவிட்டது. அங்கே செத்துவிட்டது எங்கள் ஊரில் உயிரோடு இருக்கிறது.

யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமை என்ற வழக்கச் சட்டம் இருக்கிறது. 1707-இல் ஒல்லாந்தர் எழுதுவித்து, தமிழில் பெயர்ப்பித்துப் பன்னிரண்டு முதலிமாரிடம் (ஊர்ப் பெரியவர்களிடம்) காட்டிச் சரிபார்த்தது. தேசவழமை எதைப் பற்றிப் பேசவில்லையோ அங்கே ரோமன் டச்சுச் சட்டம் வந்து நிற்கும்.

ஓர் உதாரணம். யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளை (நிலப் பத்திரங்களை) பார்த்தால் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் சேர்த்தே எழுதியிருக்கும். ஒரே கிணறு நாலு ஐந்து காணிக்குப் பங்காக இருக்கும். பக்கத்துக் காணிக்காரர் வேலியை அடைத்துவிட்டார், தண்ணீர் அள்ளப் போக முடியவில்லை என்று வழக்கு வரும்போது, பிறர் நிலத்தில் நடந்து போகும் உரிமை, தண்ணீர் கொண்டுபோகும் உரிமை, தண்ணீர் அள்ளும் உரிமை என்று ரோமர் தனித்தனியாகப் பிரித்து வைத்த வகைகளைத்தான் எடுத்து வாதாடுகிறோம். காணி யார் கைக்கு மாறினாலும் அந்த உரிமை காணியோடு போகும், ஆளோடு போகாது. இதுவும் அவர்கள் சொன்னதுதான். எங்கள் ஊர்க் கிணற்றை எட்டிப் பார்த்திராத ஒரு ரோமப் பண்ணைக்காரனுக்காக எழுதிய விதி கோப்பாய்த் தோட்டக் காணியில் பொருந்துகிறது என்றால், எவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் மலைப்பாக இருக்கும்.

இன்னொன்று. கஷ்டத்தில் இருக்கிற ஆளிடம் காணியை அதன் பெறுமதியில் பாதிக்கும் குறைவாக வாங்கிவிட்டால், விற்றவர் அந்த விற்பனையைத் தள்ளும்படி வழக்குப் போடலாம். பேரரசர் டயோக்கிளீஷியன் பேரில் ஜஸ்டினியன் தொகுப்பில் இருக்கிற விதி இது. தென்னாபிரிக்கா இதை எடுத்துவிட்டது, இலங்கையில் இன்னும் இருக்கிறது. போர்க்காலத்திலும் அதற்குப் பின்னும் எத்தனை காணி எந்த விலைக்குக் கைமாறியது என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

மண்வெட்டி:

பனங்கூடல், அருமையான பதிவு. இதையெல்லாம் எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் ஒரு கேள்வி. விபத்து நட்டஈடு வழக்குகள் எந்தச் சட்டத்தில் நடக்கின்றன? அக்குவிலியன் சட்டம்தானே? அதன் முதல் பிரிவு என்ன சொல்கிறது என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

பனங்கூடல்:

சொல்கிறேன், ஒளிக்க ஒன்றும் இல்லை. கி.மு. 287-ஐ ஒட்டி வந்ததாகச் சொல்லப்படும் சட்டம். முதல் பிரிவு, பிறருடைய அடிமையையோ மந்தையில் மேயும் நாற்கால் விலங்கையோ நியாயமில்லாமல் கொன்றால், அந்த வருடத்தில் அதற்கு இருந்த உச்ச விலையை உடைமைக்காரருக்குக் கொடுக்க வேண்டும். அடிமையும் மாடும் ஒரே வரியில். கொழும்பில் ஒரு பேருந்து இடித்துக் கால் போனவர் இன்று நட்டஈடு கேட்பது அந்தச் சட்டத்தின் வழித்தோன்றலில்தான்.

நீங்கள் சொல்ல வருவது எனக்கு விளங்குகிறது. ஆனால் பாருங்கள், அந்த வரியிலிருந்து எப்படி இங்கே வந்தோம்? நீதிபதிகளும் உரைகாரர்களும் ஒவ்வொரு வழக்காக, கொன்றதிலிருந்து காயத்துக்கு, அடிமையிலிருந்து சுதந்திர மனிதனுக்கு, வேண்டுமென்று செய்ததிலிருந்து கவனக்குறைவுக்கு என்று நீட்டிக்கொண்டே வந்தார்கள். கிளையில் இருந்து கத்தரித்த கொம்பை எச்சரிக்காமல் தெருவில் போட்டவன் பொறுப்பா, பந்தாடும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்து சவரம் செய்த நாவிதன் கை தட்டுப்பட்டுக் கழுத்து அறுந்தால் யார் பொறுப்பு, இப்படி ஒவ்வொன்றையும் விவாதித்திருக்கிறார்கள். அந்த நாவிதன் வழக்கில் செத்தவனும் ஓர் அடிமைதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜஸ்டினியன் தொகுப்பிலேயே ஃபுளோரென்டினஸ் என்ற சட்ட அறிஞரின் வரி ஒன்று இருக்கிறது. அடிமைத்தனம் என்பது ஒரு மனிதன் இயற்கைக்கு மாறாக இன்னொருவனின் உடைமைக்குக் கீழ்ப்படுவது என்று. இயற்கைக்கு மாறு என்று எழுதியவர்கள் அதை ஒழிக்கவில்லை. இந்தக் குற்றச்சாட்டுக்கு என்னிடம் பதில் இல்லை, இருக்கவும் முடியாது.

மண்வெட்டி:

நேர்மையான பதில், நன்றி. என் நிலை மாறவில்லை. சட்டம் நீண்டுகொண்டே வந்தது என்றால் அதை நீட்டியவர்களுக்கு மரியாதை கொடுக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் ரோமுக்குப் பிறகு வந்தவர்கள். முதல் வரியை எழுதியவர்களுக்கு அந்த மரியாதையைக் கொடுக்க என்னால் முடியாது.

மிளகுக்கொடி:

தமிழ்ப் பக்கத்துத் தொடர்பை யாருமே எடுக்கவில்லையே! சுருக்கமாகச் சொல்கிறேன், இதற்குத் தனி இழையே போடலாம்.

"யவனர் தந்த வினைமாண் நன்கலம் பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்று அகநானூறு 149 முசிறியைப் பற்றிச் சொல்கிறது. பொன்னைக் கொண்டுவந்து மிளகைக் கொண்டுபோனார்கள். அதே வியாபாரத்தின் மறுபக்கத்தை ரோம எழுத்தாளர் மூத்த பிளினி எழுதுகிறார், வருஷத்துக்கு 5 கோடி செஸ்டெர்ஸை இந்தியா உறிஞ்சுகிறது என்று புலம்பல். இங்கே நம் புலவர் பெருமைப்படுகிறார், அங்கே அவர் வயிற்றில் அடித்துக்கொள்கிறார். இரண்டு சாட்சியும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன.

காவிரிக்கரை அண்ணாவின் கட்சிக்கு ஆதரவாகவும் ஒன்று இருக்கிறது. வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள்) ஏடு உள்ளது, இரண்டாம் நூற்றாண்டு. ஒரு பக்கத்தில் முசிறி வியாபாரத்துக்கான கடன் ஒப்பந்தம், மறுபக்கத்தில் ஹெர்மாபொல்லோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு. தந்தம், கங்கைக் கரை ஜடாமாஞ்சில் என்று எடை போட்டு, விலை போட்டு, அதில் நாலில் ஒரு பங்கு சுங்கம் என்று கணக்கு. செங்கடல் துறையில் இறங்கி, பாலைவனத்தை ஒட்டகத்தில் கடந்து, நைல் நதியில் படகேறி அலெக்சாந்திரியாவின் கிடங்குக்குப் போய் முத்திரை வைக்கும் வரை பொறுப்பு யாருடையது என்று எழுதியிருக்கிறார்கள். பேரரசின் கஜானாவில் நம் மிளகுக்கும் தந்தத்துக்கும் விழுந்த பங்கு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள், அந்தப் பணத்தில்தானே அவர்கள் படைக்குச் சம்பளமும் போட்டார்கள்.

இளவேனில்:

இவ்வளவு கணக்கு, இவ்வளவு சட்டம், இவ்வளவு பராமரிப்பு. அப்புறம் ஏன் விழுந்தது? பராமரிப்புதான் சாதனை என்றால் அதுதானே முதலில் காப்பாற்றியிருக்க வேண்டும்?

காவிரிக்கரை:

நியாயமான கேள்வி தம்பி. முதலில், முழு ரோமும் ஒரே நாளில் விழவில்லை. 476-இல் மேற்கில் கடைசிப் பேரரசரை இறக்கினார்கள், கிழக்குப் பாதி 1453 வரை இருந்தது, பனங்கூடல் சொன்ன தொகுப்பு அங்கே வந்ததுதான். மேற்கு ஏன் விழுந்தது என்பதில் வரலாற்றாளர்களே சண்டை போட்டுக்கொள்கிறார்கள். உள்நாட்டுப் போர், ஆப்பிரிக்காவின் வரி வருமானம் படையெடுத்து வந்த வாண்டல் இனத்தாரிடம் போனது, எல்லைப் படை, எல்லாம் சேர்ந்து. அதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

தண்ணீர்ப் பக்கம் மட்டும் தெரியும், அதைச் சொல்கிறேன். 537-இல் கோத் அரசன் விட்டிகஸ் ரோமை முற்றுகை போட்டபோது நீர்வழிகளை வெட்டிவிட்டான். உள்ளே இருந்த தளபதி பெலிசாரியஸ், எதிரி அந்தக் கால்வாய்களுக்குள் தவழ்ந்து வந்துவிடுவான் என்று அவற்றை அடைத்தார். முன்னொரு காலத்தில் இருந்திருந்தால் முற்றுகை முடிந்த மறு மாதமே 700 பேரும் இறங்கி வேலையைத் தொடங்கியிருப்பார்கள். இப்போது அந்த ஆட்கள் இல்லை, அவர்களுக்குச் சோறு போடக் கஜானாவும் இல்லை. சிலவற்றை ஓரளவு சரிசெய்தார்கள், மற்றவை போயின. ஒரு காலத்தில் பத்து லட்சம் பேர் இருந்ததாகக் கணிக்கப்படும் நகரம் சில பத்தாயிரங்களுக்குச் சுருங்கி, ஜனங்கள் திபெர் ஆற்றை ஒட்டிப் போய்க் குடியேறினார்கள், அங்கேதான் தண்ணீர் இருந்தது. வளைவுகள் அப்படியே நின்றன, அவற்றின் மேல் தண்ணீர் இல்லை. கட்டடம் மட்டும் போதாது என்று நான் முதல் பதிவில் சொன்னதற்கு இதைவிடச் சாட்சி எனக்குத் தேவையில்லை.

மண்வெட்டி தோழர், 700 பேரைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் ஏற்கிறேன். ஃபிரான்டினஸ் ஒவ்வொரு நீர்வழிக்கும் பெயரும் வரலாறும் சொல்கிறார், அந்த 700 பேரில் ஒருவர் பெயரைக்கூட எழுதவில்லை.

வைகறை:

புதிதாக வந்திருக்கிறேன், முழு இழையும் படித்தேன். ஒரு சந்தேகம். ஈயக் குழாயில் தண்ணீர் குடித்துத்தான் ரோமர்களுக்குப் பைத்தியம் பிடித்துப் பேரரசு அழிந்தது என்று நிறைய வீடியோக்களில் சொல்கிறார்களே?

காவிரிக்கரை:

அழிந்ததற்குக் காரணம் அது என்று சொல்ல ஆதாரம் போதாது. ஈயம் நல்லதல்ல என்று அவர்களுக்கே தெரியும். சுட்ட மண் குழாய்த் தண்ணீர்தான் உடம்புக்கு நல்லது, ஈய வேலை செய்கிறவர்கள் முகம் வெளிறிப்போயிருப்பதைப் பாருங்கள் என்று ரோமக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதியிருக்கிறார். குழாயைவிட இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, அவர்களுடைய தண்ணீர் பெரும்பாலும் கடினத் தண்ணீர், சுண்ணாம்பு குழாயின் உள்பக்கம் படிந்து ஈயத்தை மூடிவிடும். பிரான்ஸில் நீம் நகரத்துக்குப் போன சுமார் 50 கிலோமீட்டர் கால்வாயில் (போன் து கார் பாலம் அதன் ஒரு பகுதிதான்) படிந்த சுண்ணாம்பு கால்வாயின் அகலத்தையே பாதியாக்கும் அளவுக்குப் போய்விட்டது. இரண்டு, தண்ணீர் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும், நம்மைப் போலக் குழாய்க்குள் தேங்கி நிற்காது. திராட்சைச் சாற்றை ஈயப் பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சி உணவில் சேர்த்தார்களே, உடம்புக்குள் போனது அந்த வழியில்தான் கூட இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஃபிரான்டினஸைப் படிக்க விருப்பம் இருந்தால் படித்துவிடுங்கள், சின்னப் புத்தகம். நடுவில் குழாய் அளவுப் பட்டியல் பக்கம் பக்கமாக வரும், முதல் வாசிப்பில் அதைத் தாண்டிவிடலாம். திருட்டைப் பற்றிய பகுதிக்கு நேராகப் போங்கள். படித்துவிட்டு வாருங்கள், வேகத்தைக் கணக்கில் எடுக்காமல் குழாயின் குறுக்களவை மட்டும் வைத்து அவர் தண்ணீரை அளந்ததில் எவ்வளவு பிசகு வரும் என்று அடுத்து அதைப் பேசலாம்.